இடுப்பு வலி: பிசியோதெரபியோடு எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்?

மாதக்கணக்கில் இடுப்பு வலியோடு இருப்பவர்கள் ஒரே வைத்தியத்தோடு நிற்பது அபூர்வம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒரு பக்கம் நடக்கும். ராத்திரி தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம், யாரோ சொன்னார்கள் என்று அக்குபங்சர், மருந்துக் கடையில் வாங்கிய பெல்ட் என்று இன்னொரு பக்கமும் ஓடும். ஓரிடத்தில் நடப்பது மற்றோர் இடத்தில் தெரியாது. திட்டுவார்களோ என்று நோயாளியும் வாய் திறப்பதில்லை.

இந்தத் துணைச் சிகிச்சைகளை மூடநம்பிக்கை என்று மொத்தமாக ஒதுக்க முடியாது. எல்லாம் நல்லதுதான் என்று தலையாட்டவும் முடியாது. சிலவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, சிலவற்றுக்குக் கொஞ்சம்தான். பிசியோதெரபி நிலையங்களிலேயே அன்றாடம் நடக்கும் சில சிகிச்சைகளுக்கு ஆதாரம் போதாது என்பதுதான் பலரும் எதிர்பார்க்காத செய்தி.

எது நாள்பட்ட வலி?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். உலகில் 2020இல் 61.9 கோடிப் பேருக்கு, அதாவது 13 பேரில் ஒருவருக்கு, இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2050க்குள் இது 84.3 கோடியாக உயரும் என்பது கணிப்பு. இந்த வலிகளில் சுமார் 90 சதவீதத்துக்கு எலும்பு முறிவு, கிருமித் தொற்று, புற்றுநோய் என்று கைகாட்டும்படியான ஒரு காரணம் கிடைப்பதில்லை.

"எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறதே, அது காரணமில்லையா?" என்று கேட்பார்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. அவர்களில் 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. 80 வயதுக்காரர்களில் அது 84 சதவீதம். நரை விழுவதைப் போல வயதோடு வரும் மாற்றத்தை, வலி வந்த பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அதுவே காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். "டிஸ்க் போய்விட்டது" என்று கேட்ட நாளிலிருந்து குனியப் பயம், குடம் தூக்கப் பயம். அசையாத உடம்பில் தசை தளர்கிறது, தூக்கம் கெடுகிறது. தொடர்ந்து வலியை உணர்ந்த நரம்பு மண்டலமும் சின்ன அசைவுக்கே பெரிய வலியைக் காட்டப் பழகிவிடுகிறது.

வலி உண்மையானதுதான். ஆனால் அதை நீட்டிக்கும் காரணங்களில் முதுகெலும்புக்கு வெளியே இருப்பவையும் பல. துணைச் சிகிச்சைகளுக்கு இடம் கிடைப்பது இங்கேதான்.

அடித்தளம் உடற்பயிற்சிதான்

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் 249 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வலியை 100 புள்ளிகளால் அளந்தால், சிகிச்சை ஏதும் எடுக்காதவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் போன்றோரைவிட உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 15 புள்ளிகள் குறைந்திருந்தன. அதிசயம் என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டை போடவும் பஸ் ஏறவும் சிரமப்பட்டவருக்கு அந்த 15 புள்ளி பெரிய விஷயம்.

வலி அடங்கியவர்களுக்கு நடைப்பயிற்சியும் கைகொடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டுதலில் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர இடைநிலைக் கணக்கில் 208 நாள் ஆனது. அப்படி எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது.

ஆகவே எந்தத் துணைச் சிகிச்சையையும் ஒரு கேள்வியால் அளக்கலாம்: இது என்னை அதிகம் அசைய வைக்கிறதா, அல்லது அசையாமல் இருக்கச் சாக்குத் தருகிறதா?

யோகா: நேருக்கு நேர் ஒரு சோதனை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெரும்பாலும் குறைந்த வருமானக்காரர்களான 320 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 வாரம் யோகா வகுப்பு. இன்னொன்றுக்கு 15 தடவை பிசியோதெரபி. மூன்றாவது குழுவுக்கு இடுப்பு வலி பற்றிய புத்தகமும் தகவல்களும் மட்டும். வலியிலும் அன்றாட வேலை செய்யும் திறனிலும் யோகா பிசியோதெரபிக்குக் குறைந்ததில்லை என்று 2017இல் முடிவு வந்தது. புத்தகம் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், மற்ற இரு குழுக்களிலும் வலி மாத்திரை எடுத்தவர்களின் விகிதம் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது.

அங்கே கற்றுத்தந்தவை இடுப்பு வலிக்காரர்களுக்கென்றே தேர்ந்தெடுத்த மென்மையான ஆசனங்கள். மொட்டை மாடியில் செல்போனைப் பார்த்து முதல் நாளே தலையை முழங்காலில் தொட வைக்கும் யோகாவுக்கு இந்த முடிவு பொருந்தாது. காலுக்கு வலி இறங்கும் ஆள் என்றால் அதை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் யோகாவின் பலன் ஏறத்தாழ மற்ற உடற்பயிற்சிகளின் பலன்தான். பிடித்திருந்தால் தொடர்ந்து செய்வீர்கள் என்பதே அதன் பலம்.

மனதுக்குப் பயிற்சி

"மனசுக்கு டாக்டரைப் பாருங்கள்" என்றால், வலியைக் கற்பனை என்கிறார்களோ என்று பலருக்குக் கோபம் வரும். ஆனால் மனதுக்குத் தரும் பயிற்சி உண்மையான வலிக்கும் உதவுகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் 342 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. எட்டு வாரத் தியானப் பயிற்சி பெற்றவர்களில் 60.5 சதவீதம் பேருக்கு, 26 வார முடிவில், அன்றாடச் செயல்பாட்டில் கண்கூடான முன்னேற்றம் இருந்தது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 57.7 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 44.1 சதவீதம். குனிந்தால் முதுகு ஒடிந்துவிடும் என்ற பயம் தணிந்தால்தான் பயிற்சியே தொடங்கும் என்பதை யோசித்தால் இதில் வியப்பில்லை.

மசாஜ், அக்குபங்சர்: ஏன் கருத்து வேறுபாடு?

மசாஜ் பற்றி 401 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2011இல் வந்தது. வாரம் ஒரு முறை வீதம் பத்து வாரம் செய்ததில் வலி நன்றாகவே குறைந்தது. உடம்பைத் தளர்த்தும் எளிய மசாஜும், குறிப்பிட்ட தசைகளைத் தேடி அழுத்தும் நுட்பமான மசாஜும் ஒரே பலனைத் தந்தன. ஆனால் ஓராண்டு முடிவில் அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்திருந்தது. மசாஜ் சில நாள் இளைப்பாறல் தருகிறது. அந்தச் சில நாளில் பயிற்சியைக் கூட்டிக்கொள்பவருக்கு அது லாபம். கட்டிலில் படுத்துக்கொள்பவருக்குச் செலவு மட்டும்தான்.

அக்குபங்சர் கதை இன்னும் சுவாரசியமானது. ஜெர்மனியில் 1,162 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு குழுவுக்கு முறைப்படியான அக்குபங்சர். இரண்டாவது குழுவுக்கு அக்குபங்சர் புள்ளிகள் இல்லாத இடங்களில், ஆழமில்லாமல், ஊசி. மூன்றாவது குழுவுக்கு மருந்து, பிசியோதெரபி, பயிற்சி அடங்கிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம்.

இதைப் படித்த ஒருவர், "வழக்கமான சிகிச்சையைவிட ஏறத்தாழ இரு மடங்கு நல்லது" என்பார். இன்னொருவர், "எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்றால் சரியான புள்ளி என்பதற்கே பொருளில்லையே" என்பார். இரண்டும் அதே எண்களிலிருந்து வரும் முடிவுகள். ஜெர்மனியின் பொதுக் காப்பீடு 2007 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு அக்குபங்சர் செலவை ஏற்கிறது. சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்போ, இரண்டாவது குழுவுக்குத் தந்ததைப் போன்ற பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அக்குபங்சர் வேண்டாம் என்று 2016இல் சொன்னது. ஊசியின் பங்கு எவ்வளவு, அரை மணி நேரம் ஒருவர் பக்கத்தில் நின்று கவனிப்பதன் பங்கு எவ்வளவு என்ற கேள்வி இன்னும் முடிவாகவில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொன்னது

நாள்பட்ட இடுப்பு வலிக்கு அறுவை சிகிச்சை இல்லாத வழிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நோயாளிக்கு வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, மசாஜ், கையால் முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சை, அக்குபங்சர் முதலிய ஊசிச் சிகிச்சைகள் ஆகியவற்றைத் தரலாம் என்றது. மிளகாய்ச் சத்து சேர்த்த வெளிப்பூச்சும் பட்டியலில் உண்டு. அதற்காக வீட்டு மிளகாயை அரைத்துப் பூசினால் தோல்தான் வெந்துபோகும்.

வேண்டாம் என்று சொன்ன பட்டியலைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல்மேல் ஒட்டி லேசான மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் கருவி ஆகியவை அதில் இருக்கின்றன. "பிசியோவுக்குப் போனேன், கரண்ட் வைத்து அனுப்பினார்கள்" என்று சொல்பவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் இந்தப் பட்டியலில் உள்ளதுதான். பயிற்சி கற்றுத்தராமல் இயந்திரத்தின் கீழ் மட்டும் படுக்க வைக்கும் இடத்தில், "எனக்கான பயிற்சி எது?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

நம் ஊர் வைத்தியங்கள்

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒத்தடமும், தொக்கணம் எனப்படும் தைலம் தேய்த்துப் பிடித்துவிடும் முறையும் உண்டு. வர்ம சிகிச்சைக்குக் கன்னியாகுமரிப் பக்கம் நீண்ட மரபு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவுகளும் இருப்பதால் தகுதியான மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. யோகாவுக்கும் அக்குபங்சருக்கும் நடந்த அளவு பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் வர்மத்துக்கு இன்னும் நடக்கவில்லை. தொக்கணத்தை மசாஜோடு வைத்துப் பார்க்கலாம்: இளைப்பாறல் கிடைக்கும், பயிற்சிக்கு அது மாற்றாகாது.

உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பாஸ்டன் யோகா ஆய்வை நடத்திய ராபர்ட் சேப்பர், 2004இல் வெளியான இன்னோர் ஆய்வில், அதே வட்டாரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தார். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்கள் இருந்தன. தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலப் பொடியைத் தொடாமல் இருப்பது நல்லது.

வெளிச் சிகிச்சைகளிலும் கவனம் வேண்டும். எலும்பு மெலிவு உள்ள வயதானவர்களுக்கு முதுகை முறித்து நெட்டி எடுக்கும் சிகிச்சை ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஊசி குத்துவதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் காலில் சூடான ஒத்தடம் வைத்தால் தோல் வெந்தாலும் தெரியாது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

சிறுநீர், மலம் அடக்க முடியாமை அல்லது சிறுநீர் வராமல் போவது. பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போவது. கால் வலுவிழப்பது: இவை அவசர நிலை. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, படுத்தாலும் அடங்காத இரவு வலி ஆகியவை இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் காலம்தான் வீணாகும்.

எப்படிச் சேர்ப்பது?

நடமாட முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது ஒரு பகுதி. எங்கே சிகிச்சை எடுத்தாலும், வேறு என்னென்ன செய்கிறீர்கள் என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லிவிடுங்கள். ஒரே வாரத்தில் மூன்று புதிய சிகிச்சைகளைத் தொடங்கினால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தொடங்கும்போதே எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எத்தனை மாத்திரை எடுக்கிறோம் என்ற மூன்றையும் குறித்து வையுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு ஒரு விதி வைத்திருக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு 90 நாளில் 12 முறை அக்குபங்சருக்கு அது பணம் தரும். முன்னேற்றம் தெரிந்தால் மட்டும் இன்னும் 8 முறை. ஆண்டுக்கு 20க்கு மேல் கிடையாது. பலன் இல்லையென்றால் அதோடு நிறுத்தம். பணம் கொடுக்கும் காப்பீட்டுத் திட்டமே இவ்வளவு கறாராக இருக்கும்போது, சொந்தக் கைக்காசைக் கொடுக்கும் நாமும் வர்மமோ மசாஜோ அக்குபங்சரோ எதுவானாலும் அதே கறாரைக் கடைப்பிடிக்கலாம். பன்னிரண்டு தடவைக்குப் பிறகும் குறித்து வைத்த மூன்று கணக்கும் மாறவில்லை என்றால், பதிமூன்றாவது தடவைக்கான பணத்தை ஒரு நல்ல நடைக் காலணிக்குக் கொடுக்கலாம்.