கணினிக்குள் ஒரு பல்லாங்குழி

2000ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 2007இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, மலாக்கா மாநிலத்து டுரியான் துங்காலில் விளங்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், கணினி விளையாட்டு ஆக்கும் வித்தை பட்டப் படிப்பாகவே போதிக்கப்படுகிறது. ஜாசின், மெர்லிமாவ், ஆசகான் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இத்தகைய படிப்புகளை நாடுகின்ற இக்காலத்தில், பிள்ளை பரீட்சைக்காக விளையாட்டு ஒன்றைச் செய்து, நண்பர்களோடு சபையில் நின்று அதை விளக்கப் போகிறான் என்று கேட்கும் பெற்றோருக்கு, இதில் படிப்பு எங்கே இருக்கிறது என்ற சந்தேகம் எழுவது இயல்பே.

அச்சந்தேகத்தைத் தீர்க்கப் பல்லாங்குழியையே எடுத்துக்கொள்வோம். பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்தாக எழுபது காய்கள். தோட்டத்து லயங்களில் பிள்ளைகள் ரப்பர்க் கொட்டைகளைக் கொண்டு ஆடிய இவ்விளையாட்டு கணினிக்குள் புகும்போது, குழி என்பது ஓர் எண்ணாக மட்டுமே மிஞ்சுகிறது. பலகை முழுவதும் பதினான்கு எண்கள் கொண்ட ஒரு வரிசையாகிவிடுகிறது. பன்னிரண்டாம் குழியின் ஐந்து காய்களை அள்ளினால், அவை 13, 14, 1, 2, 3 என்று விழவேண்டும். நம் கைக்குத் தானாகத் தெரியும் அந்தச் சுற்று கணினிக்குத் தெரியாது. எண் பதினான்கைத் தாண்டினால் பதினான்கைக் கழித்துக்கொள் என்ற விதியை எழுத மறந்த மாணவனுடைய மென்பொருள், இல்லாத பதினைந்தாம் குழியைத் தேடிப் பிழை காட்டி நின்றுவிடும். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்த க்ஷணத்தில் அவை ‘பசு’ என்ற பெயர் பெற்று உரியவரைச் சேரவேண்டும் என்பதையும், கடைசிக் காய் விழுந்தபின் அடுத்த குழி வெறுமையானால் என்ன செய்வது என்பதையும் இவ்வாறே ஐயத்துக்கு இடமின்றி எழுதியாக வேண்டும். இவற்றோடு, ஆடுபவர் எதைத் தொட்டார் என்று பார்ப்பது, எண்களை மாற்றுவது, படத்தைப் புதிதாக வரைவது ஆகிய மூன்று காரியங்களையும் கணினி ஒரு விநாடிக்குச் சுமார் அறுபது முறை ஓயாமல் செய்துகொண்டிருப்பதால்தான், காய்கள் உண்மையாகவே நகர்வதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றுகிறது.

இத்தகைய ஆக்கத்தைப் பலர் கூடிச் சபைக்குக் காட்டும் வழக்கம் பழையது. 1962இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் பி.டி.பி.-1 என்னும் கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விண்கலப் போர் விளையாட்டை ஆக்கினார்கள். ஒருவர் வான மண்டலத்து நட்சத்திரங்களை வரைய, மற்றொருவர் ஈர்ப்பு விசையைச் சேர்க்க, வேறு இருவர் கைக்கருவிகளைச் செய்தளிக்க, அவ்வாண்டு மே மாதம் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாளில், கூட்டத்தின் பின்வரிசையும் காணும்படி உயரத்தில் இன்னொரு திரையையும் பொருத்தினார்கள். பார்ப்பவனுடைய சௌகரியத்தை நினைத்த அந்தச் சிரத்தையே சபை விளக்கத்தின் முதற்பாடம் என்பது என் அபிப்பிராயம்.

நம் மாணவர்களிற் பலர், தலைப்பு, நோக்கம், நன்றியுரை என்று நீட்டி முழக்கிவிட்டு, விளையாட்டை இறுதி நிமிஷத்தில் அவசரமாகக் காட்டுகிறார்கள். முதலில் ஆடிக் காட்டவேண்டும். பிறகு ஒருவர் விதியையும், ஒருவர் அதை எழுதிய முறையையும், ஒருவர் சோதனையில் அகப்பட்ட பிழையையும் சொல்லலாம். பதினைந்தாம் குழியைத் தேடிய கதையை மறைக்காமல் சொல்லும் குழுவே ஆசிரியரின் நம்பிக்கையைப் பெறும். பங்கு பிரித்துக்கொண்டாலும், மற்றவர் பகுதியைக் கேட்டாலும் விடை சொல்லும் ஆயத்தம் ஒவ்வொருவருக்கும் வேண்டும். கேள்வி யாரை நோக்கி வரும் என்று யாருக்குத் தெரியும்? கணினி முரண்டு பிடித்தால் காட்டுவதற்கு, ஆட்டத்தை முன்கூட்டியே காணொளியாகப் பதிந்து வைத்துக்கொள்வதும் அவசியம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பல்கலைக்கழகச் சபைக்குப் போகுமுன், வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, அவ்விளையாட்டின் விதிகளைத் தமிழிலேயே விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பல்லாங்குழி ஆடிய பாட்டி அருகில் இருந்தால், முதற் கேள்வியை அவரே கேட்கட்டும்.