மூன்று அரசுகள் கூடி இட்ட முதல்



மூன்று சகோதரர்கள் கூடி ஒரு கிணறு வெட்டுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். செலவை மூவரும் சமமாக ஏற்பதா? அதிக நீர் பெறுகிறவன் அதிகம் கொடுப்பதா? குடும்பத்தில் எழும் இவ்வினா அரசுகளுக்கிடையிலும் எழுவதுண்டு. நம் நாடு அதற்குக் கண்ட விடையொன்றைத் தாமோதர் நதித் திட்டத்திலே காணலாம்.

வகுப்பறையில் நான் புவியியல் கற்பித்த காலத்தில், அணைகளின் பெயர்களை மனனம் செய்த மாணவர் பலர். அவற்றுக்குப் பணம் தந்தவர் யார் என்று வினவியவர் மிகச் சிலர். ஆகவே அதனையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

தாமோதர், சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் தோன்றி, வங்கச் சமவெளியில் பாய்ந்து, ஹூக்ளியுடன் கலக்கிறது. அடிக்கடி பெருகி ஊர்களை அழித்தமையால் 'வங்காளத்தின் துயரம்' எனப் பெயர் பெற்றது. 1943-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் அதனை அடக்கும் எண்ணம் வலுப்பெற்றது. ஆயின், நீரைத் தேக்குவதற்குரிய மேட்டுநிலம் பெரும்பாலும் அன்றைய பீகாரில் இருந்தது; வெள்ளத்தால் வருந்தியதோ வங்காளம். ஓர் அரசு தனித்து நின்றால் காரியம் கைகூடாது.

எனவே, 1948-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால், அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கு அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு, தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷன் பிறந்தது. மத்திய அரசு, பீகார், மேற்கு வங்காளம் ஆகிய மூன்றும் அதன் பங்காளிகள்.

மூலதனத்தைச் சட்டம் பகிர்ந்த முறை கவனிக்கத்தக்கது. மின்சாரத்திற்கான முதலை மூவரும் சமமாக ஏற்க வேண்டும். பாசனத்தில், ஒரு மாநிலத்திற்கு மட்டுமே உரிய வேலையின் செலவு அம்மாநிலத்தைச் சாரும். எஞ்சியதை இரு மாநிலங்களும் தாம் எடுத்துக்கொள்ள உறுதி கூறிய நீரின் அளவுக்கேற்பப் பகிர வேண்டும். வெள்ளத் தடுப்புக்கு 14 கோடி ரூபாய் வரை மத்திய அரசும் மேற்கு வங்காளமும் சரிபாதி. அதற்கு மேற்பட்டது முழுவதும் மேற்கு வங்காளத்தின் பொறுப்பு. பீகாருக்கு இதில் சுமையில்லை. ஏனெனில், வெள்ளத்திலிருந்து காக்கப்படுவது கீழ்நாடே. பயன் எவர்க்கோ, பொறுப்பும் அவர்க்கே என்பதுதான் இதன் அடிப்படை.

திலையா (1953), கோனார் (1955), மைத்தான் (1957), பஞ்சேத் (1959) அணைகள் இவ்வாறு எழுந்தன. 2000-இல் ஜார்க்கண்ட் மாநிலம் அமைந்தபின், பீகாரின் இடம் அதற்கு வந்தது.

பணத்தைப் பகிர்ந்த கணக்கு நேர்மையானதே. ஆயினும், நீரடியில் நிலத்தை இழந்த குடியானவர்களுக்கும் பழங்குடியினருக்கும் பங்காளிகள் வரிசையில் இடமில்லை. அவர்களுட் பலரது குறை பல்லாண்டுகள் தீராதிருந்தது. முதலில் எண்ணிய அணைகள் யாவும் கட்டப்படவுமில்லை. அதனால் வெள்ளத்தைத் தேக்கும் ஆற்றல் குறைந்தது. நீரை எப்பொழுது, எவ்வளவு திறப்பது என்ற பூசலும் ஓயவில்லை; 2024 செப்டம்பரிலும் மேற்கு வங்க அரசு இதுபற்றிக் கடுமையாகக் குறை கூறியது.

முதலைப் பகிர்வதற்கு ஒரு சட்டம் போதும். முடிவின் விளைவைப் பகிர்வதற்கு நாள்தோறும் நம்பிக்கை வேண்டும். கூட்டுத் திட்டம் எதைப்பற்றி நீங்கள் படித்தாலும், பணம் இட்டவர் யார், பயன் பெற்றவர் யார் என்று கேளுங்கள். இழந்தவர் யார் என்பதையும் மறவாமற் கேளுங்கள்.