உஷார்! மைக்குக்குக் கமா தெரியாது

சுதந்திர தினம் நெருங்கினால் கீரனூர் வட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆங்கிலப் பேச்சை உருப்போட ஆரம்பித்துவிடுவார்கள். பெற்றோர்களே, ஆசிரியர்களே, அந்தத் தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வாக்கியத்தின் நடுவில், இரண்டு கமாக்களுக்கு இடையிலோ அடைப்புக்குறிக்குள்ளோ ஏதாவது செருகியிருக்கிறதா? இருந்தால் உஷார்! பிள்ளை தடுமாறி நிற்கப்போகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

முன்பெல்லாம் வாத்தியார் எழுதிக் கொடுப்பார். இப்போது பல உரைகள் செல்போனில் ஏஐ எழுதித் தந்தபடியே மேடைக்கு வருகின்றன. அவை கண்ணால் படிப்பதற்கான வாக்கியங்கள். காகிதத்தில் கமா தெரியும், அடைப்புக்குறி தெரியும். எதிரே மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டுமே தெரியாது. செருகல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குரல் ஒன்றுதான் காட்ட முடியும். செருகலுக்கு முன்னே ஒரு சிறு நிறுத்தம் வேண்டும். செருகலைச் சற்றுத் தாழ்ந்த குரலில், கொஞ்சம் விரைவாகச் சொல்ல வேண்டும். முடிந்ததும் இன்னொரு நிறுத்தம் விட்டு, பழைய குரலுக்கே திரும்ப வேண்டும். ஒரே மூச்சில் ஒப்பிக்கிற பிள்ளைக்கு இதை யார் சொல்லித் தருகிறோம்?

குரல் பிசகினால் பொருளே மாறிவிடும். 'தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ பிராக்டீஸ்ட் வில் ஸ்பீக் டுடே' என்று நிறுத்தாமல் சொன்னால், பயிற்சி எடுத்தவர்கள் மட்டும் இன்று பேசுவார்கள் என்று பொருள். 'ஸ்டூடன்ட்ஸ்' என்றதும் ஒரு நிறுத்தம், 'பிராக்டீஸ்ட்' என்றதும் ஒரு நிறுத்தம் விட்டால், எல்லா மாணவர்களும் பயிற்சி எடுத்தார்கள், எல்லாரும் பேசுவார்கள் என்று ஆகிவிடும். சொற்களில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எழுத்திலேயே இது விபரீதமாகியிருக்கிறது. கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் என்ற இரண்டு நிறுவனங்களின் மின்கம்ப ஒப்பந்தத்தில் இருந்த ஒரு கமா, 2006-ல் இருபது லட்சம் டாலருக்கு மேற்பட்ட வழக்காக வெடித்தது. மறு ஆண்டு அதற்கு அடிப்படையான மாதிரி ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பை மாற்றினார்கள். காகிதத்தில் இருந்த கமாவுக்கே அந்தப் பாடு.

நமக்குக் கூடுதலாக ஒரு ஆபத்து இருக்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். கேட்பவர் அதற்காகக் காத்திருந்தே பழகியவர். நடுவில் நாலு சங்கதி சொல்லிவிட்டு வந்தாலும் பொறுமையாக இருப்பார். நம் மேடைப் பேச்சின் அழகே அப்படிக் கிளை பிரிந்து போய்த் திரும்பி வருவதுதான். ஆங்கிலத்தில் எழுவாய் வந்ததும் வினையை எதிர்பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நீளமாகச் செருகினால் கேட்பவருக்கும் நூல் அறுந்துவிடும், பேசுபவருக்கும் அறுந்துவிடும். 'தி ஹெட்மாஸ்டர், அலாங் வித் ஆல் தி டீச்சர்ஸ்' என்று தொடங்கிய பிள்ளை, கடைசியாகக் காதில் விழுந்த டீச்சர்ஸைப் பிடித்துக்கொண்டு 'ஹேவ் கம்' என்று முடிப்பது இதனால்தான். எழுவாய் ஹெட்மாஸ்டர், அங்கே 'ஹேஸ்' வர வேண்டும்.

கல்லூரி முடித்துத் திருச்சிப் பக்கம் இன்டர்வியூவுக்குப் போகிற தம்பி தங்கைகளே, உங்களுக்கு இன்னும் அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஐ ஹேவ், ஐ திங்க், டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்கிறீர்கள். உங்கள் அனுபவம் உங்களுக்கே நிச்சயமில்லை என்றுதான் எதிரே இருப்பவர் காதில் விழும். 'டு பி ஹானஸ்ட்' என்று செருகினால், அதற்கு முன் சொன்னதெல்லாம் என்ன என்ற சந்தேகம் கிளம்பும். 'ஆஸ் யூ நோ' என்று சொல்லி, அவருக்குத் தெரியாததைச் சொன்னால் சங்கடம். தமிழில் 'வந்து, வந்து' என்று இழுக்கிற இடத்திலெல்லாம் 'ஆக்சுவலி', 'பேசிக்கலி', 'யூ நோ' வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றை நாகரிக ஆங்கிலம் என்று நம்பிப் பழகுவது என்னைக் கவலைப்பட வைக்கிறது. பயத்தை மறைக்கச் சேர்க்கிற சொற்கள் பயத்தைத்தான் காட்டிக்கொடுக்கின்றன.

செருகலே கூடாது என்று சொல்லவில்லை. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் நேரு பேசிய முதல் வாக்கியங்களைக் கேட்டுப் பாருங்கள். வாக்குறுதியை நிறைவேற்றும் வேளை வந்துவிட்டது என்று சொல்லும்போதே, அது முழு அளவில் இல்லை என்ற ஒப்புதலை ஆங்கிலத்தில் ஆறே சொற்களில் நடுவே வைத்தார். நாடு பிளவுபட்ட துயரம் மொத்தமும் அந்த ஆறு சொற்களில் இருக்கிறது. செருகல் என்றால் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு கனமாக இருக்க வேண்டும். ஆங்கில மேடை நமக்கு எட்டாததும் இல்லை. டெல்லி மத்திய சட்டசபையில் ஆங்கிலத்திலேயே வெள்ளை அரசை மடக்கிய சத்தியமூர்த்தி, 1887-ல் நம் திருமயத்தில் பிறந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர்.

இன்று ராத்திரியே தாளை எடுங்கள். ஆறேழு சொல்லுக்கு மேல் நீளும் செருகலை வெட்டித் தனி வாக்கியமாக்குங்கள். மிச்சமிருப்பதன் இரு முனையிலும் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு போட்டு, அங்கே நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். பிறகு போனில் பதிவு செய்து, அந்த உரையை வாசித்திராத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். நடுவில் 'யார் வந்தாங்க?' என்று அவர் கேட்டால், அந்த வாக்கியத்தை மேடைக்கு அனுப்பாதீர்கள்.