பல் போன இடத்தில் எலும்பு வளர்கிறது

பல்லைப் பிடுங்கியதும் டாக்டர் பஞ்சு வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்வது ரத்தத்தை நிறுத்த மட்டுமல்ல. வேர் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்க வேண்டும். தாடை எலும்பு ஆறத் தொடங்குவது அந்தக் கட்டியிலிருந்துதான்.

முதல் 24 மணி நேரம்

பஞ்சை அரை மணி நேரமாவது எடுக்காமல் கடித்திருங்கள். அன்று முழுவதும் கொப்பளிக்காதீர்கள், ஓங்கித் துப்பாதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள். குழிக்குள் கிராம்பைத் திணிப்பதும் வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரால் வாயை மெல்ல அலசினால் போதும்.

உள்ளே நடப்பது

முதல் வாரத்திலேயே ரத்தக்கட்டி கரையத் தொடங்கி, அந்த இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நிறைந்த இளந்திசு படர்கிறது. பிறகு குழியின் அடியிலிருந்தும் சுவர்களிலிருந்தும் புது எலும்பு உருவாகி உள்நோக்கி வளர்கிறது. சில வாரங்களில் மேலே ஈறு மூடிக்கொள்ளும். ஆறிவிட்டது என்று நாம் நினைப்பது அப்போதுதான். ஆனால் குழி பெருமளவு எலும்பால் நிரம்ப மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். அது முதிர்ந்து உறுதிப்பட அதற்கு மேலும் பல மாதங்கள் பிடிக்கும்.

குழி நிரம்பும் அதே வேளையில் தாடையின் விளிம்பு ஒடுங்கவும் செய்கிறது. கன்னத்துப் பக்கச் சுவர் மெல்லியது. பல்லை நம்பியே இருந்த எலும்பு அது. பல் போனதும் கரைகிறது. ஓராண்டில் விளிம்பின் அகலம் பாதிவரை குறையலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் போய்விடும். அந்த எலும்பில் இம்ப்ளான்ட் வைத்துச் செயற்கைப் பல் பொருத்தும் எண்ணம் இருந்தால், பல்லை எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். எலும்புத்தூள் நிரப்பி இந்த ஒடுக்கத்தைக் குறைக்க வழி உண்டு. முழுவதுமாகத் தடுக்க முடியாது.

மூன்றாம் நாள் வலி

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துவந்த வலி இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் திடீரென்று ஏறி, காதுவரை குத்தி, வாயும் நாறினால், ரத்தக்கட்டி போய் எலும்பு வெளியே தெரிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இது அதிகம். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பொறுத்துக் கிடக்காதீர்கள். டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி வெகுவாகத் தணியும். புகையிலையை எந்த வடிவிலும் தொடாதீர்கள்.

முன்பே சொல்ல வேண்டியவை

சர்க்கரை நோய், தாடைப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ ஜோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற ஊசிகள் போட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த ஊசிகளால் அரிதாக, பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பே அழுகக்கூடும். அதற்காக அந்த மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவற்றை எழுதிய டாக்டரும் பல் டாக்டரும் கலந்து பேசி முடிவெடுக்கட்டும்.