இரட்டைப் பெயரில் இரண்டாமவர்

‘விசுவநாதன் – இராமமூர்த்தி’ என்னும் பெயர், இலங்கை வானொலி வாயிலாக யாழ்ப்பாணத்து இல்லங்களிற் பல்லாண்டு ஒலித்தது. அப்பெயரின் பிற்பாதிக்கு உரியவரைத் தனியே அறிந்தவர் சிலரே.

டி. கே. இராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிற் பிறந்தார். வயலின் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை அவருடைய பாட்டனார். சி. ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் இவர் வயலின் வாசித்தார்; ஆறு வயது இளையவரான எம். எஸ். விசுவநாதன் அங்கே ஆர்மோனியம் வாசித்தார். 1952இற் சுப்பராமன் திடீரென மறையவே, எஞ்சிய பணிகளை இருவரும் முடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டே ‘பணம்’ என்னும் படத்தில் அவர்தம் பெயர்கள் இணைந்தன. 1963இல் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டமும் வந்தெய்திற்று.

‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளிவந்த 1965இல் இருவரும் பிரிந்தனர். அதன்பின் விசுவநாதன் தனித்து நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்திக்கு வாய்த்தவையோ இருபதுக்கும் குறைவு. ஆயினும் ‘சாது மிரண்டால்’, ‘நான்’, ‘மூன்றெழுத்து’ என்பன அவர் தனித்திறனுக்குச் சான்றாம். 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் இருவரும் மீண்டும் இணைந்தனர். 2013 ஏப்ரலில் இராமமூர்த்தி மறைந்தார்.

பின்னாளிற் கிடைத்த வாய்ப்பின் எண்ணிக்கையைக் கொண்டு முன்னாளில் ஆற்றிய பங்கை அளத்தல் முறையாகுமா? மாணவர்களே! அவ்விருவர்தம் பழைய பாடலொன்றை மீண்டும் கேளுங்கள். வயலின்கள் திரண்டெழும் இடத்திற் சற்றே செவிசாய்த்தால், இரண்டாம் பெயருக்குரியவரை அங்கே காண்பீர்கள்.