விற்ற பாட்டும் விற்காத உரிமையும்

கடந்த மாதம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தேன். பெரியவர் ஒருவர் தன் பேரனையும் அழைத்துக்கொண்டு வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. ஒரு காலத்தில் எங்கள் பகுதியில் நோன்பு மாதம் வந்துவிட்டால் இவரது குரல் கேட்காத வீடு இல்லை எனலாம். எழுதுவதும் அவர், மெட்டுப் போடுவதும் அவர், பாடுவதும் அவர். நாங்கள் அவரைப் 'பாட்டு நானா' என்றே அழைப்போம்.

"தம்பி, எண்ட பாட்டுக்கு நானே கள்ளனாம். இந்தப் பொடியன்ட போன்ல வந்திரிக்கி, பாருங்க" என்றார்.

விடயம் இதுதான். 1991 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கெசட்டில் இருந்த பாடலொன்றைப் பேரன் தனது யூடியூப் சனலில் ஏற்றியிருக்கிறார். சில மணி நேரத்திற்குள் ஓர் அறிவித்தல். "இந்த ஒலிப்பதிவுக்கு வேறொருவர் உரிமை கோரியுள்ளார், இதன் விளம்பர வருமானம் அவருக்கே செல்லும்." உரிமை கோரியிருந்தது நானும் அவரும் கேள்விப்பட்டேயிராத ஒரு வெளிநாட்டுப் பெயர். தேடிப் பார்த்தால் அதே பாடல் இன்னொரு சனலில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாடியவர் பெயர்கூட அதில் இல்லை.

இசை ஆகுமா ஆகாதா என்று கேட்டு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அதற்கு உலமாக்கள் இருக்கின்றார்கள். இந்தப் பத்தி கொடுக்கல் வாங்கல் பற்றியது. ஒருவரின் எழுத்தும் ஆக்கமும் அவருக்கே உரிய, பெறுமதியுள்ள உரிமை என்றும், அதில் அத்துமீறுவது ஆகாது என்றும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 இல் குவைத்தில் கூடிய அமர்வில் தீர்மானித்துள்ளது. வர்த்தகப் பெயருக்கும் வர்த்தகக் குறிக்கும் அதே தீர்மானம்தான். எங்கள் கடைப் பெயர்ப் பலகைக்குள்ள ஹக் அவருடைய பாட்டுக்கும் உண்டு.

ஆனால் யூடியூப்பில் உட்கார்ந்திருப்பவர் காழியார் அல்ல. அது ஓர் இயந்திரம். கொன்டென்ட் ஐடி என்று பெயர். 2007 இல் ஆரம்பித்தார்கள். பாடலின் உரிமையாளர் என்று சொல்பவர் ஒரு மாதிரிக் கோப்பைக் கொடுத்து வைப்பார். அதன் பின் உலகில் யார் எதை ஏற்றினாலும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்திருந்தால் அந்த வீடியோவைத் தடுக்கலாம், அல்லது ஓடவிட்டு விளம்பரப் பணத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலானோர் இரண்டாவதையே செய்கிறார்கள். யார் வியாபாரத்தைத் தடுப்பார்? இயந்திரத்திற்கு ஓசை தெரியும், உறுதிப் பத்திரம் தெரியாது. முதலில் வந்து "என்னுடையது" என்றவர் பெயரில் கணக்கை எழுதிவிடும்.

இதன் பயங்கரத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு கொம்பனி ஆரம்பித்தார்கள். யூடியூப்பில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் எவரும் உரிமை கோராத லத்தீன் அமெரிக்கப் பாடல்களாகத் தேடினார்கள். தேடித் தேடி, 50,000 இற்கு மேற்பட்ட பாடல்களைத் தங்களுடையவை என்று எழுதிக் கொடுத்தார்கள். 2017 முதல் 2021 வரை அவர்கள் சுருட்டிய தொகை 2 கோடி டொலருக்கும் அதிகம். 2023 இல் நீதிமன்றம் இருவரையும் சிறைக்கு அனுப்பியது. ஒருவருக்கு 70 மாதங்கள். அவர்கள் கணினியை உடைத்து உள்ளே போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆள் இல்லாத கடையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

பாட்டு நானாவின் கடையும் முப்பது வருடமாக ஆளில்லாமல் கிடந்தது.

அவரிடம் முதலில் கேட்டேன், "கெசட் போட்ட முதலாளிக்கு என்ன எழுதிக் கொடுத்தீங்க?" அவர் சிரித்தார். "என்னத்த எழுதுற? ஆயிரத்தி ஐந்நூறு ரூபாவும் ஒரு பெட்டி கெசட்டும் தந்தாரு. கை குடுத்திட்டு வந்தேன்." அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். இது நஷ்டம் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் எழுதிக் கொடுக்காததே இப்போது அவருக்கு நன்மையாகி இருக்கிறது. எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கம் பிறந்த கணமே உரிமையும் பிறந்துவிடும். எங்கும் பதியத் தேவையில்லை. ஆக்கியவர் உயிருடன் இருக்கும் காலமும் அதன்பின் 70 வருடங்களும் அது நிற்கும். பிறருக்கு உரித்து மாற்றுவதாயின் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே வரியும் மெட்டும் இன்றும் அவருடையவை.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன என்பதை இங்கு விளங்கிக்கொள்ள வேண்டும். வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. காணி ஒருவருடையது, அதில் எழுப்பிய கட்டடம் மற்றவருடையது என்பது போல. ஒலிப்பதிவுக்கு 50 வருட உரிமை உண்டு, அது பதிவு செய்த முதலாளிக்குரியது. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் இந்தச் சிக்கலில்தான் மாட்டினார். பழைய ஒலிப்பதிவுகள் பிறர் கைக்குப் போய்விட்டன. 2021 முதல் அதே பாடல்களைத் திரும்பப் பாடி வெளியிட்டார். பின்னர் 2025 இல் பழையவற்றையும் பணம் கொடுத்து வாங்கிவிட்டார். பாட்டு நானாவும் திரும்பப் பாடலாமே என்றேன். "அந்த மேல் சத்தம் இனி வருமா தம்பி?" என்றார்.

கெசட் போட்ட முதலாளி மௌத்தாகிப் பல வருடங்கள். அவருடைய மகனைத் தேடிப் பிடித்தோம். நல்ல மனிதர். வெளிநாட்டில் எவருக்கும் தாங்கள் எதையும் விற்கவில்லை என்றும், பாடகர் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்றும் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.

இன்னொரு கசப்பான விடயமும் வெளிவந்தது. கெசட்டில் பத்துப் பாடல்கள். அவற்றில் நான்கு, அக்காலத்துச் சினிமாப் பாட்டு மெட்டில் போட்டவை. எங்கள் இஸ்லாமியப் பாடல்கள் பலவற்றின் நிலை இதுதான், மறைப்பதில் பயனில்லை. அந்த நான்கிலும் வரிகள் மட்டுமே நானாவுடையவை, மெட்டு வேறொருவரின் ஹக். அவற்றை ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். முகம் வாடிப்போனது. உரிமையில்லாமல் ஏற்றினால், உரியவர் சட்டப்படி நீக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் சனலுக்கு ஓர் எச்சரிக்கை விழும். 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சனலையே மூடிவிடுவார்கள்.

மீதி ஆறு பாடல்களுக்கும் பேரன் இப்போது வேலை பார்க்கிறார். சிறியவர்களுக்கு யூடியூப் நேரடியாகக் கொன்டென்ட் ஐடி தருவதில்லை. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனம் ஒன்றின் ஊடாகப் போக வேண்டும். எமது மொழியில் சொன்னால் ஏஜன்ட். அவர்களே பாடலை ஸ்பொட்டிபைக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்புவார்கள். பெரிய பணத்தை எதிர்பார்க்காதீர்கள். 2024 முதல் ஸ்பொட்டிபையில் ஒரு பாடல் 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் ஒரு சதமும் இல்லை. யூடியூப்பிலும் கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாவிட்டால் வருமானத்தில் 24 வீதம் வரை பிடித்துக்கொள்வார்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

வர்த்தக சகோதரர்களுக்கும் ஒன்று. பெருநாள் விற்பனைக்குச் சட்டையையும் சாரியையும் காட்டி, பின்னால் யாரோ பாடிய பாட்டைப் போட்டு பேஸ்புக்கில் விடுகிறோமே, அதுவும் இதே கணக்கில்தான் வரும். தனி ஆள் விளையாட்டாகப் போடுவதற்குக் கொடுத்த அனுமதி, பொருள் விற்பவருக்கு இல்லை. வியாபாரத்திற்கென்றே அனுமதித்த ஓசைகளை அவர்கள் தனியாக வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து எடுங்கள். அல்லது பாட்டு நானா போன்ற ஒருவருக்குப் பணம் கொடுத்து, கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் யோக்கியன் போல எழுதுகிறேன். 1991 இல் வாப்பாவின் கடையில் கெசட் பகுதி என் பொறுப்பில் இருந்தது. மருதானையிலிருந்து நானாவின் கெசட் பத்து வாங்கினேன். விற்றது பத்தல்ல. இரட்டை டெக் ஒன்று வைத்திருந்தோம். இரவில் வெற்றுக் கெசட்டைப் போட்டால் காலையில் எடுக்கலாம். ஊரில் எல்லாக் கடையும் செய்ததுதான். அதனால் அது ஹலாலாகிவிடாது. பேரன் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது இதை நானாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "எத்தன வித்தீங்க?" என்று மட்டும் கேட்டார். என்னால் ஓர் எண் சொல்ல முடியவில்லை. கணக்குப் புத்தகத்தில் எழுதாத வியாபாரம் அது. குத்துமதிப்பாக ஒரு தொகையைக் கடித உறையில் போட்டுக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

உரிமை கோரலுக்கு எதிரான ஆட்சேபனையை, அறிவித்தல் வந்து ஐந்து நாட்களுக்குள் அனுப்பிவிட்டோம். அப்படி அனுப்பினால் வழக்குத் தீரும் வரை பணத்தை எவருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைப்பார்கள். பதில் சொல்ல மறுதரப்புக்கு 30 நாட்கள் உண்டு. சொல்லாவிட்டால் கோரல் தானாகவே விழுந்துவிடும். இதை எழுதும் இன்று இருபத்திரண்டாவது நாள். பேரன் காலையும் மாலையும் போனைத் திறந்து பார்க்கிறார், இன்னும் பதில் வரவில்லை.