சாய்ந்ததா, சாய்த்ததா?

பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான் நகரில், 1885ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்பவர் ஒரு கோபுரத்தைக் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு அடுக்குகள் தெரியும். உள்ளே இருப்பவை மூன்றே மாடிகள். ஊருக்கு நீர் வழங்கும் தொட்டியும் அதில் இருந்தது. அடிமண் இளகியது, நீரின் எடையோ மிகுதி. கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

'கோபுரம் சாய்ந்தது' என்பது தன்வினை. நடந்ததை மட்டுமே அது சொல்கிறது. 'நீரின் எடை கோபுரத்தைச் சாய்த்தது' என்பது பிறவினை. மெல்லின 'ந்' வல்லின 'த்' ஆனதும் காரணம் எதுவெனத் தெரிந்துவிடுகிறது. சிதைந்தது, சிதைத்தது, தளர்ந்தது, தளர்த்தியது, கெட்டது, கெடுத்தது ஆகியவையும் தன்வினை, பிறவினை இணைகளே. வகுப்பில் நாற்காலியை உடைத்தவர், "நாற்காலி உடைந்துவிட்டது" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்! தவறு செய்தவர் அந்த வாக்கியத்தில் மறைந்துகொள்கிறார்.

பாதிப்பைக் குறிக்கும் பெயர்ச்சொற்களையும் இடமறிந்து பயன்படுத்த வேண்டும். வெள்ளத்தில் வீடு சேதமடையும், மனிதர் காயமடைவார். 'பயணிகள் சேதமடைந்தனர்' என எழுதுவது பிழை. ஆயினும், 'உயிர்ச்சேதம்' என்னும் சொல் மட்டும் வழக்கில் நிலைத்துவிட்டது. புகைபிடித்தல் உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்கும். ஆதரவு குறைந்தால் தொழிலும் கலையும் நலிவடையும். ஆறு கரையை அரிக்கும்.

தெலுக் இந்தான் கோபுரம் சாய்ந்தபடியே இன்றும் நிற்கிறது. ஆகவே, 'இடிந்தது' என்னும் சொல் அதற்குப் பொருந்தாது.